யானையை நிறுத்துவது எந்தக் குண்டு? மைசூர்க் காடுகளில் சாண்டர்சன் கண்ட விடை

மைசூர் சமஸ்தானத்தின் ஆற்றுக் கால்வாய்களை மேற்பார்வையிடும் பணிக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஆங்கிலேய இளைஞர், முப்பது வயதை எட்டும் முன்பே தென்னிந்திய யானைகளை நன்கறிந்தவர்களில் ஒருவராகப் பெயர் பெற்றார். ஜார்ஜ் பெரெஸ் சாண்டர்சன் என்பது அவர் பெயர். முதலில் அவர் யானைகளைச் சுட்டார்; பின்னர் யானைகளை உயிருடன் பிடித்தார். பிந்தைய பணிக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் யானையின் உடலமைப்பையும் இயல்பையும் அவர் கற்றது முந்தைய பணியில்தான். பாய்ந்து வரும் யானையை நோக்கி நீட்டிய துப்பாக்கியில் எத்தகைய குண்டு இருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கல்வியின் மையத்தில் இருந்தது. விடை தவறினால் உயிர் போவது பெரும்பாலும் துரைக்கு அன்று. அவருக்கு முன்னே தடம் பார்த்து நடந்த காட்டுவாசிக்கே.

சாண்டர்சன் காடுகளில் திரிந்த ஆண்டுகளில், அதே சமஸ்தானத்தின் கிழக்குக் கோடியில் வேறொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற முன்னாள் படைவீரர், 1875-இல் கோலார்ப் பகுதியில் தங்கம் தேடும் உரிமையைப் பெற்றார். அதிலிருந்து எழுந்ததே கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறிய ஊரிகமும் அதில் அடக்கம். தங்கவயலுக்கும் யானை வேட்டைக்கும் தொடர்பு ஏதும் இல்லை எனத் தோன்றலாம். பாதரசம் என்ற ஒரு பொருள் இரண்டையும் தொடுகிறது. அது பின்னால் வரும்.

சாண்டர்சன் 1848-இல் பிறந்தவர். தந்தை டேனியல் சாண்டர்சன் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பாதிரியார். மைசூர்ப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிக் கன்னட மொழியில் புலமை பெற்றவர். மகன் இங்கிலாந்தில் படித்துவிட்டு 1864-இல், பதினாறு வயதளவில், காப்பித் தோட்டத் தொழிலுக்கென மைசூருக்கு வந்தார். அத்தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கன்னடம் பேசக் கற்றுக்கொண்டது மட்டும் மிச்சமாயிற்று. அந்த மொழியறிவே அரசின் பாசனத் துறையில் வேலை வாங்கித் தந்தது. ஆறுகளிலிருந்து பிரியும் நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கால்வாய்களைக் குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றி வருவதே அவருடைய கடமை.

கால்வாயின் ஒரு கரையில் நெல்வயல், மறு கரைக்கு அப்பால் காடு என்ற நிலைமை பல இடங்களில் இருந்தது. சாமராஜநகரை அடுத்த மோர்லே என்ற இடத்தில் அவர் வீடு கட்டிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் பிலிகிரிரங்கன் மலைத்தொடர் தெரியும். அந்த மலையில் வாழ்ந்த சோலிகர்களும், மேற்குக் காடுகளின் குறும்பர்களும் அவருடைய ஆசிரியர்கள் ஆயினர். மடங்கிய புல் எவ்வளவு நேரத்தில் நிமிரும், சாணத்தின் வெம்மை எதைக் காட்டும், காற்று எத்திசையில் வீசினால் மந்தையை நெருங்கலாம் என்பனவற்றை அவர்களிடமிருந்தே கற்றார். அக்காலத்து வேட்டை நூல்கள் பலவற்றில் தடம் பார்ப்பவர் பெயரற்ற வேலையாளாகவே வருவார். சாண்டர்சன் அவர்களுடைய அறிவைக் கடன்பட்டவரின் மரியாதையோடு எழுதினார். அவரும் தம் காலத்து ஆட்சியாளர் வர்க்கத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவருடைய எழுத்து தனித்து நிற்கிறது.

யானையைச் சுடுவதற்கு முந்தைய தலைமுறைக்குத் தடையே இருக்கவில்லை. பயிரை அழிக்கும் விலங்கு என்று கருதிச் சென்னை மாகாண அரசு யானையைக் கொல்வோருக்கு வெகுமதியும் அளித்து வந்தது. இலங்கையில் மேஜர் தாமஸ் ராஜர்ஸ் என்ற அதிகாரி தனியொருவராக 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கு உண்டு. அவர் 1845-இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். அத்தகைய கொலைக்கணக்குகளுக்குப் பிறகு, 1873-இல் சென்னை மாகாணம் யானைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. 1879-இல் இந்திய அரசும் அவ்வாறே செய்தது. பயிரையோ மனிதரையோ தாக்கும் ஒற்றை யானை என அரசு அறிவித்தால் மட்டுமே சுடலாம் என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று. ஆகவே சாண்டர்சன் காலத்து வேட்டைக்காரர் எதிர்கொண்டது பெரும்பாலும் ஓடி ஒளியும் யானையை அன்று. எதிர்த்து வரும் யானையை.

அன்றைய துப்பாக்கிகளின் அளவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு போதும். ஒரு பவுண்ட் ஈயத்தில் எத்தனை சம உருண்டைகள் வார்க்க முடியுமோ அந்த எண்ணே துப்பாக்கியின் துளை அளவைக் குறிக்கும். பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 38 கிராம். எட்டாம் எண்ணுக்கு 57 கிராம். நான்காம் எண்ணுக்குக் கால் பவுண்ட், அதாவது 113 கிராம். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும். துப்பாக்கியின் எடையும் பெருகும். எட்டாம் எண் இரட்டைக்குழல் துப்பாக்கி ஏழு, எட்டு கிலோ எடையிருக்கும். அதைத் தோளில் வைத்துச் சுட்டவர் பின்னுதையில் தடுமாறாமல் நிற்பதே ஒரு திறமை.

எடை மட்டும் சிக்கலைத் தீர்க்கவில்லை. தூய ஈயம் நகத்தால் கீறினால் தடம் பதியும் அளவுக்கு மென்மையானது. மானின் உடலில் அந்த மென்மை நன்மையே; குண்டு தட்டையாகிப் பெரிய காயம் செய்யும். யானையின் தலையில் அதே மென்மை பெருங்கேடு. யானையின் மண்டையோடு திண்மையான ஒற்றை எலும்பு அன்று. தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பு, சில இடங்களில் ஓரடிக்கும் மேலான தடிமனில் அமைந்திருக்கிறது. அத்தனை பெரிய தலையை எடை குறைத்துத் தாங்குவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. மென்மையான ஈயக் குண்டு அந்த அறைகளின் சுவர்களில் ஒன்றன்பின் ஒன்றாக மோதி, காளான் போல விரிந்து, திசை மாறி, மூளையை எட்டாமலே நின்றுவிடும். யானை ஒரு கணம் தள்ளாடும். பிறகு ஓடும், அல்லது பாயும்.

மூளை இருக்கும் இடமும் ஏமாற்றக்கூடியது. ஆசிய யானையின் நெற்றியில் இரண்டு மேடுகள் உயர்ந்து நிற்கும். அனுபவமற்றவர் அங்கேதான் மூளை இருப்பதாக எண்ணிக் குறி வைப்பார். உண்மையில் ஐந்து கிலோ அளவேயுள்ள மூளை அந்த மேடுகளுக்கு வெகு கீழே, தலையின் பின்பகுதியில், காதுத் துளைகளின் மட்டத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. சாண்டர்சன் தாம் வீழ்த்திய யானையின் மண்டையோட்டை நெடுவாட்டில் அறுத்துப் பார்த்து, அதன் படத்தையும் தம் நூலில் சேர்த்தார். முன்புறம், பக்கவாட்டு, காதின் பின்புறம் ஆகிய மூன்று திசைகளிலிருந்து மூளைக்குச் செல்லும் வழி எது என்பதை அவர் விளக்கினார். நின்றுகொண்டிருக்கும் யானைக்கு உரிய குறி, பாய்ந்து வரும் யானைக்குப் பொருந்தாது. பாயும்போது அது தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு தலையை உயர்த்தும். அப்போது குண்டு செல்ல வேண்டிய கோடே மாறிவிடுகிறது. வேட்டைக்காரர்கள் தங்கள் தைரியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய காலத்தில், எலும்பை அறுத்துப் பார்த்த இந்தச் செயல்தான் அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது.

விடை, ஈயத்தைக் கடினமாக்குவதே. வெள்ளீயம் அல்லது ஆன்டிமனி சேர்த்து உருக்கினால் ஈயம் இறுகும். பழைய வேட்டைக்காரர்கள் விரும்பிய இன்னொரு பொருள் பாதரசம். ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் என்பது சாமுவேல் பேக்கர் பரிந்துரைத்த அளவு. ஈயத்தைத் தனியே உருக்கி, மூன்று நான்கு குண்டுக்குப் போதுமான அளவை மட்டும் சிறு கரண்டியில் எடுத்து, அதில் பாதரசத்தைக் கலந்து உடனே அச்சில் ஊற்ற வேண்டும். தாமதித்தால் பாதரசம் ஆவியாகிவிடும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது. பாதரசம் 357 பாகையில் கொதிக்கிறது. இடைவெளி முப்பது பாகைதான். கூடாரத்து அடுப்பருகே குனிந்து இந்த வேலையைச் செய்தவர்கள் எவ்வளவு நச்சு ஆவியைச் சுவாசித்தார்கள் என்பதை எந்த வேட்டை நூலும் கணக்கிடவில்லை.

இதே பாதரசம்தான் தங்கவயலின் தொடக்க காலத்தில் ஊரிகத்து ஆலைகளிலும் புழங்கியது. சுரங்கத்திலிருந்து வந்த பாறையை இரும்பு உலக்கைகள் இடித்துப் பொடியாக்கும். நீரோடு கலந்த பொடி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடும்போது தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அந்தக் கலவையைச் சூடேற்றிப் பாதரசத்தை விரட்டித் தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். வேட்டைக்காரருக்கு ஆவியாவது இழப்பு. தங்கம் எடுப்பவருக்கு ஆவியாவதே வழிமுறை. புகை இருவர் நெஞ்சிலும் ஒன்றே.

பேக்கரின் பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்து புகழ் பெற்ற அவர், 1840-களிலும் 1850-களிலும் இலங்கையில் இருந்தார். நுவரெலியாவில் விவசாயக் குடியிருப்பு ஒன்றை நிறுவினார். மின்னேரியாக் குளக்கரையில் காட்டெருமை ஒன்றைத் தொடர்ந்து சுட்டும் அது விழவில்லை; கைவசமிருந்த குண்டுகளும் தீர்ந்துபோயின. தம் பையிலிருந்த சில்லறைக் காசுகளை எடுத்து, இருமடங்கு வெடிமருந்தின் மேல் திணித்து, பாய்ந்து வந்த எருமையின் தலைமீது சுட்டு உயிர் தப்பினார். கேட்பதற்கு வேடிக்கையான இந்நிகழ்ச்சியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு வேடிக்கையானதன்று. பெருவிலங்குக்கு இலேசான துப்பாக்கியோடு செல்வது மடமை என்பதே அது. எடை மிகுந்த, உருக்குலையாத குண்டு என்ற கட்சியின் முதன்மை வழக்கறிஞராக அவர் இறுதிவரை இருந்தார்.

எதிர்க்கட்சியும் வலுவாகவே இருந்தது. 1850-களில் இங்கிலாந்தில் தோன்றிய எக்ஸ்பிரஸ் துப்பாக்கி, அதிவேக ரயில் வண்டியை நினைவூட்டும் பெயரோடு இந்தியக் காடுகளுக்குள் நுழைந்தது. சிறிய துளை, மிகுந்த வெடிமருந்து, முனையில் குழிவுள்ள இலேசான குண்டு ஆகியவை அதன் இயல்புகள். குண்டு நேர்கோட்டில் விரைந்து செல்லும். உடலுக்குள் நுழைந்ததும் சிதறும். புலிக்கும் சிறுத்தைக்கும் மானுக்கும் அது மிகப் பொருத்தமானது. புலியின் எலும்பு யானையின் எலும்பைப் போன்றதன்று. உருக்குலையாத குண்டு புலியின் உடலில் சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். காயமுற்ற புலி புதருக்குள் மறைந்து, பின்தொடர்ந்து வரும் விரட்டுக்காரர்மீது பாயும். மந்தையாக நிற்கும் காட்டெருதுகளை நோக்கிக் கடினக் குண்டைச் சுட்டால், அது ஒன்றைத் துளைத்துச் சென்று பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தக்கூடும். எனவே எல்லா விலங்குக்கும் ஒரே குண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாண்டர்சன் இரு கட்சியிலும் முழுமையாகச் சேரவில்லை. புலிக்கும் கரடிக்கும் மானுக்கும் எக்ஸ்பிரஸ் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டார். யானைக்கும் காட்டெருதுக்கும் பீரங்கி என்று சொல்லத்தக்க கனமான துப்பாக்கியும் கடினமாக்கிய குண்டும் இன்றியமையாதன என்றார். அவரிடம் நான்காம் எண், எட்டாம் எண் துப்பாக்கிகள் இருந்தன. சிறிய துப்பாக்கியாலும் யானையைக் கொல்ல முடியும் என்ற வாதத்தை அவர் மறுக்கவில்லை. கொல்வது வேறு, நிறுத்துவது வேறு என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். அசையாமல் நிற்கும் யானையின் மூளையை நன்கு குறிபார்த்த சிறு குண்டும் எட்டிவிடலாம். அடர்ந்த மூங்கில் புதருக்குள் இருபது கஜத் தொலைவில் திரும்பிப் பாயும் யானைக்கு அந்தக் குறி வாய்ப்பதில்லை. மூளையைத் தவறவிட்ட குண்டும் அதன் அதிர்ச்சியால் யானையைத் தயங்கச் செய்ய வேண்டும். அந்தத் தயக்கமே தடம் பார்ப்பவர் விலகி ஓடக் கிடைக்கும் நேரம்.

ஒற்றை யானைகளைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் கவனிக்கத்தக்கவை. தனித்துத் திரியும் ஆண் யானை எல்லாம் மந்தையால் துரத்தப்பட்ட வெறியன் என்ற பரவலான நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. தனியாகத் தெரியும் ஆண் யானைகள் பெரும்பாலும் மந்தைக்கு அண்மையிலேயே மேய்வதைத் தடங்களைக் கொண்டு அவர் அறிந்திருந்தார். யானை இயல்பில் சாதுவான, அச்சமுள்ள விலங்கு என்பதும் அவருடைய உறுதியான கருத்து. அப்படியானால் கொல்லும் யானை எங்கிருந்து வந்தது? மதம், முதுமை என்று காரணங்கள் பலவாகலாம். வயல் காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளிலிருந்து புறப்பட்ட சிறு குண்டுகளும், அரைகுறைத் துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரர் விட்டுச்சென்ற ஆறாத காயங்களும் அவற்றில் முக்கியமானவை. தவறான குண்டு ஒரு யானையைக் கொல்லாமல் விடுவதோடு நிற்பதில்லை. அடுத்த கிராமத்துக்கு ஒரு கொலைகார யானையை அனுப்பிவைக்கிறது.

மைசூரிலிருந்து வயநாடு செல்லும் சாலையில் காக்கனகோட்டைக் காட்டருகே ஒரு யானை வழியை மறித்துப் போக்குவரத்தையே முடக்கியது. அதனை வீழ்த்தும் பொறுப்பு சாண்டர்சனிடம் வந்தது. அவர் அதைச் சுட்டுக் கொன்றார். ஐயன்பூர் என்ற கிராமத்தைச் சூழ்ந்த பகுதியில் மனிதரைத் தின்றுவந்த பெண்புலியும் அவர் கையால் முடிந்தது. ஆயினும் புலியினத்தையே ஒழிக்க வேண்டும் என்று வெகுமதி அறிவித்துக்கொண்டிருந்த அரசின் போக்கை அவர் ஏற்கவில்லை. மானும் பன்றியும் பெருகிப் பயிரை அழிக்காமல் காப்பது புலி என்று 1870-களிலேயே வாதிட்டார். அன்று அது பெரும்பான்மைக் கருத்து அன்று.

அவருடைய வாழ்க்கையின் திருப்பம் 1873-இல் தொடங்குகிறது. மந்தை மந்தையாக யானைகளை உயிருடன் பிடிக்க அனுமதி தருமாறு மைசூர் நிர்வாகத்திடம் அவர் கேட்டார். சமஸ்தானம் அப்போது பிரித்தானிய ஆணையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலி ஒரு நூற்றாண்டுக்கு முன் காக்கனகோட்டையில் முயன்று தோற்று, இனி எவராலும் இயலாது என்று கல்லில் சாபமாகப் பொறித்து வைத்ததாகச் சாண்டர்சனே பதிவு செய்திருக்கிறார். அவருடைய முதல் முயற்சியும் தோல்வியில் முடிந்தது. 1874 ஜூன் மாதம் சாமராஜநகர் அருகே மீண்டும் முயன்றார். யானைகள் ஆற்றைக் கடக்கும் துறைகளையும் கால்வாய்களின் போக்கையும் அறிந்த பாசன அதிகாரிக்கு அந்த அறிவு கைகொடுத்தது. மந்தையை நீரோட்டங்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் வளைத்து, அகழியும் வேலியும் அமைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகளைப் பிடித்தார். மைசூரில் கெட்டா எனப்படும் முறை அவ்வாறு வேரூன்றியது.

இதை வேட்டைக்காரரின் மனமாற்றம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பிடித்த பின்னும் அவர் வேட்டையாடினார். கெட்டாவில் பிடிபட்ட யானைகளில் சில காயத்தாலும் அதிர்ச்சியாலும் மடிந்தன. தாயைப் பிரிந்த கன்றுகள் இருந்தன. பிடிபட்டவை மரம் இழுக்கவும் படையின் சுமையைத் தூக்கவும் விற்கப்பட்டன. அரசுக்கு அதில் இலாபம் இருந்தது. அந்த இலாபத்தைக் காட்டித்தான் அவர் அனுமதி பெற்றார். ஆனாலும் எத்தகைய குண்டு யானையை வீழ்த்தும் என்று மண்டையோட்டை அறுத்துப் பார்த்த அதே மனிதர், அதே துல்லியத்தோடு யானையின் உணவையும் உறக்கத்தையும் வழித்தடத்தையும் கணித்ததால்தான் அந்தப் பணி கைகூடியது.

துல்லியத்தின் மேல் அவருக்கிருந்த பற்றுக்கு உயரக் கணக்கே சான்று. இந்திய யானைகள் பன்னிரண்டு, பதினான்கு அடி உயரம் வளரும் என்று அக்கால நூல்கள் கூசாமல் எழுதின. சாண்டர்சன் அளவுகோலோடு போனார். தென்னாட்டிலும் வங்காளத்திலும் தாம் பார்த்த நூற்றுக்கணக்கான யானைகளில் தோளளவில் பத்தடியை எட்டியது ஒன்றுகூட இல்லை என்றும், மிக உயர்ந்தது 9 அடி 10 அங்குலம் என்றும் பதிவு செய்தார். முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் கிடைக்கும் என்ற வழிமுறையையும் சரிபார்த்து எழுதினார்.

1875-இல் அவர் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, டாக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு யானைப் பிடிப்புத் துறையில் பணியாற்றினார். சிட்டகாங் மலைக்காடுகளில் மந்தைகளைப் பிடித்தார். 1878-இல் அவருடைய நூல் லண்டனில் வெளியாயிற்று. இந்தியக் காட்டு விலங்குகளிடையே கழித்த பதின்மூன்று ஆண்டுகளைத் தலைப்பிலேயே சொல்லும் அந்நூல் பல பதிப்புகள் கண்டது. 1881-இல் மைசூர் மீண்டும் உடையார் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் கெட்டா தொடர்ந்தது. விக்டோரியா அரசியின் பேரனான இளவரசர் ஆல்பர்ட் விக்டர் 1889-இல் மைசூருக்கு வந்தபோது கெட்டாவை நேரில் கண்டார். அரச விருந்தினருக்குக் காட்டும் காட்சியாக யானைப் பிடிப்பு மாறியது அந்தக் காலத்தில்தான்.

காடு அவருடைய உடலை விட்டுவைக்கவில்லை. நோயுற்ற சாண்டர்சன் 1892 மே மாதம் சென்னையில் காலமானார். 45 வயதைக்கூட எட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ரட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் நூலாக வந்தபோது, யானைப் பாகனின் மகன் தூமாயைப் பற்றிய கதையில் பீட்டர்சன் சாகிப் என்ற யானைப் பிடிப்பு அதிகாரி இடம்பெற்றார். அந்தப் பாத்திரத்தின் மூலவர் சாண்டர்சனே என்று பரவலாகக் கருதப்படுகிறது. அவர் பெயரைக் கேள்விப்படாத குழந்தைகளும் அவரை அறிந்திருக்கிறார்கள்.

குண்டைப் பற்றிய விவாதம் அவரோடு முடியவில்லை. 1890-களின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் நான்காம் எண், எட்டாம் எண் பூதங்கள் வழக்கொழிந்தன. 1898 வாக்கில் லண்டனின் ரிக்பி நிறுவனம் .450 அளவில் அமைத்த துப்பாக்கி, ஏறத்தாழ 31 கிராம் குண்டைப் பழைய துப்பாக்கிகளைவிடப் பலமடங்கு ஆழம் துளைக்கும் வேகத்தில் செலுத்தியது. ஈயத்தைக் கடினமாக்கும் தேவையும் மறைந்தது. ஈயத்தின் மேல் எஃகு, நிக்கல் போன்ற உலோக உறையை முழுமையாகப் போர்த்தியதும், பாதரசக் கரண்டி செய்த வேலையைத் தொழிற்சாலை செய்தது. முனை திறந்த உறை புலிக்கு, முழு உறை யானைக்கு என்று சாண்டர்சன் கால வேறுபாடு புதிய வடிவில் தொடர்ந்தது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் போன்ற சிறு அளவுள்ள துப்பாக்கிகளில் பெரும்பாலும் முழு உறைக் குண்டுகளைப் பயன்படுத்தி ஆயிரம் யானைகளுக்கு மேல் கொன்றார். குண்டின் பருமனைவிட அது உருக்குலையாமல் நேராகச் செல்வதே முதன்மை என்பதற்கு அவரைவிடக் கொடிய சான்று இல்லை. சேலம், தருமபுரிக் காடுகளின் ஆட்கொல்லிகளைப் பற்றி எழுதிய பெங்களூர்வாசி கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரைக் கையில் ஏந்தியதும் இந்த வழித்தோன்றலில்தான்.

காக்கனகோட்டையில் கடைசிக் கெட்டா 1971-இல் நடந்தது. பின்னர் கபினி அணையின் நீர் அந்தக் காட்டின் ஒரு பகுதியை மூடியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. யானைக்குரிய குண்டு எது என்ற கேள்வி இந்தியாவில் அத்துடன் சட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டது.

யானைகள் நிற்கவில்லை. 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கிளம்பிய மந்தைகள் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதிக்குள் நுழைந்தன. அவற்றுக்காகவே கௌண்டின்யா சரணாலயம் உருவாயிற்று. மூன்று மாநில எல்லையிலுள்ள அந்தக் காடுகளிலிருந்து தங்கவயலை அடுத்த காமசமுத்திரம் பகுதியின் வயல்களுக்கும் யானைகள் வந்துபோகின்றன. ராகியும் நிலக்கடலையும் விளையும் காலத்தில் அங்குள்ள விவசாயிகள் இரவில் காவல் இருக்கிறார்கள். தொல்லை தரும் யானையைப் பிடிக்க அரசு முடிவு செய்தால் இன்று வருவது கும்கிகளும், மயக்க ஊசி ஏற்றிய துப்பாக்கியோடு கால்நடை மருத்துவரும்தான். ஊசியும் தடித்த தோலைக் கடந்து தசைக்குள் இறங்க வேண்டும். எலும்பில் பட்டால் பயனில்லை. ஆகவே தொடையையோ பின்புறத்தையோ குறிவைக்கிறார்கள். சைலசின், கீட்டமின் போன்ற மருந்தின் அளவு யானையின் எடையைப் பொறுத்தது; எடையை உயரத்திலிருந்து மதிப்பிடுகிறார்கள். யானை கண்ணுக்குத் தென்படும் முன்பே, ஈர மண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அந்த நீளத்தை இரட்டிப்பாக்கி, அதன் உயரத்தைச் சொல்லிவிடுகிறார்கள் தடம் பார்ப்பவர்கள்.